பழைய கம்ப்யூட்டருக்குச் செலவு பண்ணலாமா, புதுசே வாங்கிடலாமா? ஒரு திருத்தங்கல் வீட்டுக் கணக்கு

2025 அக்டோபர் 14-ஆம் தேதி விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திடுச்சு. அக்டோபர் 20 தீபாவளி. இடையில ஆறே நாள். நம்ம விருதுநகர், சாத்தூர், சிவகாசி பக்கம் போனஸ் பணம் கைக்கு வர்ற நேரமும் அதுதான். "உங்க கம்ப்யூட்டருக்கு இனி அப்டேட் வராது" என்று திரையில ஒரு அறிவிப்பு, கையில போனஸ், கடை வாசல்ல "நோ காஸ்ட் ஈஎம்ஐ" பேனர். மூணும் ஒரே வாரத்துல சேர்ந்தா என்ன நடக்கும்னு சொல்லத் தேவையில்லை.

என் நண்பர் ஒருத்தர் திருத்தங்கல்ல இருக்கார். சிவகாசியில பட்டாசுப் பெட்டி, லேபிள் அடிக்கிற ஒரு அச்சகத்துல கணக்கு வேலை. சம்பளம் 24,000. இந்தத் தீபாவளிக்கு ஒரு மாசச் சம்பளம் போனஸா வந்துச்சு. அவர் மனைவி வீட்டிலிருந்தே டிடிபி வேலை பார்க்கிறாங்க. காலண்டர்ல கடைப் பேர் போடுற பகுதி, விசிட்டிங் கார்டு, கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ். சீசன்ல மாசம் 7,000 வரைக்கும் வரும். அந்த வருமானம் முழுக்க 2016-ல வாங்கின ஒரு டெஸ்க்டாப்பை நம்பித்தான் இருக்கு. இப்போ அது ஆன் ஆகுறதுக்குள்ள ஒரு டீ குடிச்சு முடிச்சிடலாம்.

கடையில கேட்டிருக்காங்க. "இதெல்லாம் இனி ஓடாது சார், புதுசு போட்டுருங்க" என்று சொல்லி, மானிட்டரோட சேர்த்து 45,000-க்கு ஒரு கொட்டேஷன் கொடுத்திருக்காங்க. 9 மாசம், மாசம் 5,000, வட்டி இல்லை. நண்பர் போன் பண்ணி, "மாப்ள, வாங்கிரலாமா?" என்றார். ஞாயித்துக்கிழமை வர்றேன், அதுவரை கையெழுத்து எதுவும் போடாதே என்றேன்.

அங்க போய் நாங்க போட்ட கணக்குதான் இந்தப் பதிவு. உங்க வீட்டு மெஷின் வேற மாதிரி இருக்கலாம், சம்பளம் வேறயா இருக்கலாம். கணக்குப் போடுற வழி மாறாது.

முதல்ல நோய் என்னன்னு பாருங்க

"ஸ்லோவா இருக்கு" என்பது நோயோட பேர் இல்லை. காய்ச்சல் மாதிரி, அது ஒரு அறிகுறி. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் சேர்த்து அழுத்தினா டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதுல பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துல சிபியு, மெமரி, டிஸ்க் என்று மூணு வரிசை இருக்கும். வழக்கமா செய்ற வேலையைச் செஞ்சுக்கிட்டே எது 100-ஐத் தொடுதுன்னு பாருங்க.

நண்பர் வீட்டுல சிபியு 20, 30 சதவீதத்தைத் தாண்டவே இல்லை. டிஸ்க் மட்டும் 100-ல நின்னுச்சு. உள்ளே இருந்தது சுத்துற தட்டு வைத்த பழைய ஹார்ட் டிஸ்க். ரேம் 4 ஜிபி. அந்தக் காலத்துக்கு அது போதும். இப்போ குரோம்ல நாலு டேப் திறந்தாலே தீர்ந்துடும். ரேம் தீர்ந்ததும் விண்டோஸ் அந்த பாரத்தையும் ஹார்ட் டிஸ்க் மேல ஏத்தும். ஏற்கெனவே மூச்சு வாங்குறவன் தலையில இன்னொரு மூட்டை. பத்து வருஷ மெஷின்கள்ல பாதிக்கு மேல இதே கதைதான் என்பது என் அனுபவம். பிராசஸர் சும்மா உட்கார்ந்திருக்கும். தரவு எடுத்துக் கொடுக்கிற டிஸ்க்தான் திணறும்.

அப்புறம் சிபியு பெட்டியைத் திறந்தோம். கரிசல் காட்டுப் புழுதி ஹீட்சிங்க்ல கம்பளி மாதிரி படிஞ்சு கிடந்துச்சு. நம்ம ஊர் வெயிலும் சேர்ந்தா பிராசஸர் சூடாகி, தன்னைக் காப்பாத்திக்க வேகத்தைக் குறைச்சுக்கும். மழை குறைவு, காத்து காய்ஞ்சு இருக்கும் என்பதாலதான் இந்த மண்ணுல தீப்பெட்டியும் பட்டாசும் வேர் பிடிச்சது. அதே காத்து கம்ப்யூட்டருக்குள்ள புழுதியைக் கொண்டு போய் நிரப்புது. வருஷத்துக்கு ஒரு தடவை சுத்தம் பண்ணி தெர்மல் பேஸ்ட் மாத்தினா போதும். சில நூறு ரூபாய் செலவு.

மதர்போர்டுல கெபாசிட்டர் உப்பியிருக்கா என்று பார்த்தோம். இல்லை. இருந்திருந்தா கதை அங்கேயே முடிஞ்சிருக்கும். லேப்டாப்னா பேட்டரி உப்பி டச்பேடைத் தூக்கியிருக்கா, கீல் உடைஞ்சிருக்கா என்று பாருங்க. உப்பின பேட்டரியோட ஒரு நாள்கூட ஓட்டாதீங்க.

எட்டாவது தலைமுறைக் கோடு

வேகத்தோட சம்பந்தமே இல்லாத இன்னொரு கேள்வி இருக்கு. இந்த மெஷின் விண்டோஸ் 11-ஐ ஏத்துக்குமா? டிபிஎம் 2.0, செக்யூர் பூட், 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம் ஆகியவற்றோட, பிராசஸரும் மைக்ரோசாஃப்ட் பட்டியல்ல இருக்கணும். இன்டெல்னா பெரும்பாலும் எட்டாவது தலைமுறையிலிருந்து, ஏஎம்டினா ரைசன் 2000 வரிசையிலிருந்து. இன்டெல் பேருல கோட்டுக்கு அப்புறம் வர்ற எண்ணைப் பாருங்க. ஐ5-8250 என்றால் எட்டு, கோட்டுக்கு இந்தப் பக்கம். ஐ5-7200 என்றால் ஏழு, அந்தப் பக்கம். நண்பரோடது ஐ3-6100. ஆறு.

கோட்டைத் தாண்டின மெஷினா இருந்தா நீங்க ரொம்ப யோசிக்கவே வேண்டாம். எஸ்எஸ்டி போடுங்க, ரேமை 8 அல்லது 16 ஆக்குங்க, விண்டோஸ் 11 ஏத்துங்க, நாலஞ்சு வருஷம் ஓட்டுங்க. இந்தப் பதிவுல மீதி எல்லாமே கோட்டுக்கு அந்தப் பக்கம் மாட்டினவங்களுக்குத்தான்.

"அதெல்லாம் பரவாயில்லை, பைபாஸ் பண்ணி விண்டோஸ் 11 போட்டுத் தர்றேன்" என்று சொல்லும் கடைகள் உண்டு. போட முடியும். ஆனா பட்டியல்ல இல்லாத மெஷினுக்கு அப்டேட் தொடர்ந்து வரும்னு உத்தரவாதம் இல்லைன்னு மைக்ரோசாஃப்டே சொல்லியிருக்கு. பாதுகாப்பு அப்டேட்டுக்காகத்தானே விண்டோஸ் 11-க்குப் போறோம்? அதுக்கே உத்தரவாதம் இல்லைன்னா எதுக்கு இந்த வேலை? பழைய ஆறாம், ஏழாம் தலைமுறை லேப்டாப்புல இப்படி போட்டு "விண்டோஸ் 11 லேப்டாப்" என்று விற்கிறவங்களும் இருக்காங்க. ஸ்டிக்கரைப் பார்க்காதீங்க, பிராசஸர் எண்ணைப் பாருங்க.

விண்டோஸ் 10-ஐ இன்னைக்கே தூக்கிப் போடவும் வேண்டாம். வீட்டு உபயோகக்காரங்களுக்கு 2026 அக்டோபர் 13 வரைக்கும் பாதுகாப்பு அப்டேட்டை மட்டும் நீட்டிக்கிற திட்டம் இருக்கு. செட்டிங்ஸ்ல விண்டோஸ் அப்டேட் பக்கத்துலயே சேர்றதுக்கான லிங்க் வரும். மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல லாகின் பண்ணி செட்டிங்ஸை பேக்கப் செய்ய அனுமதிச்சா இலவசம். இல்லைன்னா 1,000 ரிவார்ட்ஸ் பாயிண்ட், அல்லது 30 டாலர். 22எச்2 பதிப்பு இருக்கணும். கடைக்காரர் இதை நண்பர்கிட்ட சொல்லவே இல்லை. தப்பாச் சொல்லலை, அவர் வேலை விற்கிறது. கேட்கிறது நம்ம வேலை.

சேராம அப்படியே ஓட்டலாமான்னு கேட்டா, சினிமா பார்க்க ஓட்டுங்க. பேங்க் வேலைக்கு வேண்டாம். ஆர்பிஐ 2017 ஜூலையில ஒரு சுற்றறிக்கை போட்டுச்சு. பேங்க் மேலயும் நம்ம மேலயும் தப்பில்லாம வேற எங்கேயோ ஓட்டை விழுந்து பணம் போனா, 3 வேலை நாளுக்குள்ள புகார் கொடுத்தா நமக்கு நஷ்டம் இல்லை. நம்ம அலட்சியத்தால போச்சுன்னா, பேங்குக்குச் சொல்ற வரைக்கும் ஆகிற நஷ்டம் நம்மோடது. பணம் போயிடுச்சுன்னா உடனே 1930-க்கு அடிக்கணும் என்பதையும் மனசுல வெச்சுக்கங்க.

அச்சகக்காரங்க கணக்கு

இப்போ முக்கியமான இடம். சிவகாசி அச்சகங்கள்ல வெளிநாட்டிலிருந்து வந்த பழைய ஆஃப்செட் மெஷின் ஓடுறது புதுசு இல்லை. நம்மைவிட வயசான மெஷின்லகூட காலண்டர் அடிச்சுக்கிட்டு இருப்பாங்க. அந்த முதலாளி மெஷினோட வயசைப் பார்த்து முடிவு பண்றதில்லை. எவ்வளவு போட்டா எத்தனை மாசம் ஓடும், அதுல எவ்வளவு வேலை எடுக்கலாம், இதைத்தான் பார்ப்பார். நாமளும் அதையே போட்டோம்.

புது டெஸ்க்டாப் 45,000. ஆறு வருஷம் உழைக்கும்னு வெச்சா 72 மாசம். மாசத்துக்கு 625 ரூபாய்.

பழசுக்குச் செலவு: 500 ஜிபி எஸ்எஸ்டி 3,600. கடையில பழைய ஸ்டாக்ல கழட்டி வெச்சிருந்த 8 ஜிபி ரேம் 1,900. சுத்தம், தெர்மல் பேஸ்ட், போர்டுல இருக்கிற சின்ன பேட்டரி, கூலி எல்லாம் 700. மொத்தம் 6,200. நவம்பர்லருந்து ஜூன் வரைக்கும் எட்டு மாசம் ஓட்டினா, மாசத்துக்கு 775.

பார்த்தீங்களா? புதுசைவிட பழசுக்குத்தான் மாசச் செலவு அதிகம்! "அப்போ கடைக்காரர் சொன்னது சரிதானே" என்று நண்பர் கேட்டார். இந்த இடத்துலதான் நிறைய பேர் புதுசு வாங்கிடுறாங்க.

இங்கே ஒரு விஷயம் விட்டுப்போச்சு. போடுற செலவுல இரண்டு வகை இருக்கு. அடுத்த மெஷினுக்குக் கூட வர்ற செலவு ஒண்ணு. இந்த மெஷினோடயே போயிடுற செலவு இன்னொண்ணு. எஸ்எஸ்டி கூட வரும். நாலு ஸ்குரூ, இரண்டு கேபிள், கழட்டி மாட்டினா அடுத்த டெஸ்க்டாப்புல வேலை செய்யும். ரேம் பாதி வழி: அடுத்த மெஷினும் டிடிஆர்4 டெஸ்க்டாப்பா இருந்தா வரும், டிடிஆர்5 என்றால் வராது, லேப்டாப் என்றால் வரவே வராது, அதோட ரேம் அளவே வேற. கூலியும் பேஸ்ட்டும் போனது போனதுதான்.

அப்போ இந்தப் பழைய மெஷின் தலையில எழுத வேண்டியது 6,200 இல்லை. ரேம் வீணாப் போறதா வெச்சாக்கூட 1,900-உம் 700-உம், ஆக 2,600. எட்டு மாசத்துக்கு வகுத்தா 325. ரேமும் கூட வந்துடுச்சுன்னா வெறும் 700, மாசம் 90 ரூபாய்கூட இல்லை.

பழசுக்குச் செலவு பண்றதுக்கு முன்னாடி நான் கேட்கிற ஒரே கேள்வி இதுதான்: இதுல எவ்வளவு என்கூட வரும்? லேப்டாப்புக்குப் புது ஸ்கிரீன், மதர்போர்டு ரிப்பேர், பழைய போர்டுக்குப் பொருந்துற மாதிரி தேடிப் பிடிச்ச பிராசஸர், இதெல்லாம் அந்த மெஷினோடயே சாகும் செலவு. பழசை வித்தா என்ன கிடைக்குமோ அந்தத் தொகையை இந்த வகைச் செலவு தொட்டுடுச்சுன்னா நான் நிறுத்திடுவேன்.

அதே கேள்வியை கொட்டேஷன் பக்கமும் திருப்புங்க. 45,000-ல மானிட்டர் 7,000. இவங்க வீட்டு மானிட்டர் நல்லாத்தான் இருக்கு. அது கூட வரும். யுபிஎஸ் இருக்கு, கீபோர்டு இருக்கு. மானிட்டரைக் கழிச்சா 38,000. எஸ்எஸ்டி கையில இருக்கும் என்பதால அதையும் கழிச்சா 34,400. ஒரு பொருளும் வாங்காம உட்கார்ந்த இடத்துல பத்தாயிரம் குறைஞ்சது.

மின்சாரக் கணக்கையும் கேட்டாங்க. பழைய டெஸ்க்டாப் 100 வாட், லேப்டாப் 30 வாட், ஒரு நாளைக்கு 6 மணி நேரம் என்று வெச்சா, இரண்டு மாச பில்லுக்கு 25 யூனிட் வித்தியாசம். யூனிட் 5 ரூபாய்னாகூட 125 ரூபாய். அதுக்காக யாரும் லேப்டாப் வாங்க வேண்டாம்.

காத்திருக்கிற நேரத்துக்கும் காசு இருக்கு

தங்கச்சி (நண்பர் மனைவியை அப்படித்தான் கூப்பிடுவேன்) ஒரு விஷயம் சொன்னாங்க. "அண்ணே, கோரல்டிரா திறக்கிறதுக்குள்ள சோறு வடிச்சிட்டு வந்துருவேன்." சிரிச்சோம். அப்புறம் கணக்குப் போட்டோம். ஒரு நாள்ல அஞ்சு மணி நேரம் உட்கார்றாங்க, அதுல ஒரு மணி நேரம் சும்மா காத்திருக்கிறது. மாசம் 25 நாள், 125 மணி நேரத்துக்கு 7,000 என்றால் மணிக்கு 56 ரூபாய். காத்திருப்புல போறது மாசம் 1,400. எஸ்எஸ்டி போட்ட காசு மூணு மாசத்துக்குள்ள திரும்பிடும். வெறுமனே யூடியூப் பார்க்கிற வீட்டுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. மெஷின்ல சம்பாதிக்கிற வீட்டுக்கு இதுதான் முதல் கணக்கு.

இன்னொண்ணு, தேதி. காலண்டர் ஆல்பம் ஆடிப்பெருக்கு அன்னைக்கு வெளியாகும். அங்க ஆரம்பிச்சு டிசம்பர் வரைக்கும் ஊரே மூச்சு விடாது. அந்த சீசன் நடுவுல மெஷினை மாத்துறது, ஓடுற பஸ்ல டயர் மாத்துற மாதிரி. ஏன்னா டிடிபி மெஷின்ல கம்ப்யூட்டர் மட்டும் இல்லை. யூனிகோடு இல்லாத பழைய தமிழ் ஃபான்ட்டுகள் இருக்கு. 2001-ல கடைசிப் பதிப்பு வந்து நின்னுபோன பேஜ்மேக்கர்ல பண்ணின பத்து வருஷப் பத்திரிகை ஃபைல்கள் இருக்கு. டாங்கிள் குத்தினா மட்டும் ஓடுற சாஃப்ட்வேர், டிரைவர் கிடைக்காத பிரிண்டர் எல்லாம் இருக்கு. புது மெஷின்ல இதெல்லாம் ஓடுமான்னு ஒவ்வொண்ணா பார்க்க ஒரு வாரம் ஆகும். அந்த வாரம் அக்டோபர்ல வந்தா வருமானம் போச்சு. மே, ஜூன்ல வந்தா பரவாயில்லை. அதனால விண்டோஸ் 10-க்கு அக்டோபர் 2026 வரைக்கும் நேரம் இருந்தாலும், இவங்க வீட்டுக்குக் கெடு ஜூன்.

லினக்ஸ் போடலாமே என்று கேட்பீங்க. அப்பா அம்மா பேப்பர் படிக்க, பில் கட்ட, வீடியோ பார்க்கன்னா தாராளமா லினக்ஸ் மின்ட் போடுங்க. காசு கிடையாது, பழைய மெஷின்ல நல்லா ஓடும், தமிழ்99 கீபோர்டும் இருக்கு. ஆனா அச்சகத்துல கோரல் ஃபைல்தான் கேட்பாங்க. அதனால இந்த வீட்டுக்கு அது சரிவராது.

வட்டி இல்லாத வட்டி

இப்போ அந்த 9 மாச ஈஎம்ஐ. மாசம் 5,000, மொத்தம் 45,000, வட்டி பூஜ்யம். உண்மையில பேங்க் சும்மா கடன் கொடுக்கிறதில்லை. வருஷத்துக்கு 15 சதவீதம் வட்டின்னு எடுத்துக்கிட்டா, இந்த 45,000-க்குள்ள வட்டி மட்டும் சுமார் 2,690 ரூபாய். அதை விற்கிறவர் உங்களுக்குத் தள்ளுபடின்னு காட்டி பேங்குக்குக் கொடுத்துடுவார். ஆனா அந்த வட்டி மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி உங்க கார்டுல வந்து விழும், சுமார் 484. பிராசஸிங் ஃபீஸ் 199 என்றால் வரியோட 235. ஆக "பூஜ்யம்" என்பது 720 ரூபாய். 2013-லயே ஆர்பிஐ, பூஜ்ய சதவீத வட்டி என்று ஒண்ணு கிடையாது, அது வேற பேருல வாடிக்கையாளர் தலையில விழுதுன்னு பேங்குகளுக்கு எழுதிடுச்சு.

720 ரூபாய் பெரிய தொகை இல்லைதான். என் கவலை வேற. கடையில் "முழுப் பணம் கொடுத்தா எவ்வளவு?" என்று கேட்டீங்களா? பேங்குக்குப் போற அந்த 2,690-ல ஒரு பகுதி உங்களுக்கு வந்திருக்கலாம். நண்பர் கேட்கலை. நம்மில் பாதி பேர் கேட்கிறதில்லை.

அதைவிடப் பெரிய கவலை, நம்ம ஊர்ல ஒன்பது மாசம் என்பது நீண்ட காலம். 2018 அக்டோபர் 23-ல பட்டாசு வழக்குல உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்துச்சு. பசுமைப் பட்டாசு மட்டும், பேரியம் உப்புக்குத் தடை. அதுக்குப் பிறகு நவம்பர்லருந்து மாசக்கணக்கா ஆலைகள் மூடிக் கிடந்தது. மருந்து கலக்கிறவங்களுக்கு மட்டுமா வேலை போச்சு? பட்டாசு இல்லைன்னா பெட்டி இல்லை, பெட்டி இல்லைன்னா லேபிள் இல்லை, லாரி லோடு இல்லை. நண்பர் அச்சகத்துல அப்போ பாதிச் சம்பளம். மறுபடியும் அப்படி ஆகும்னு நான் சொல்லலை. ஆனா தீபாவளிக்குத் தீபாவளி ஒரு நீதிமன்ற உத்தரவை எதிர்பார்த்து நிற்கிற தொழில்ல சம்பளம் வாங்குறவர், கையில அவசர நிதி ஒரு ரூபாய்கூட இல்லாம 5,000 ரூபாய் ஈஎம்ஐ எடுக்கிறது எனக்குச் சரியாப் படலை.

அதனால போனஸ் 24,000-ல 6,200 மெஷினுக்கு. மீதி 17,800 அப்படியே அவசர நிதி, வேற அக்கவுண்ட்ல. டிசம்பர்லருந்து ஜூன் வரைக்கும் மாசம் 4,000-க்கு ஒரு ஆர்டி. ஏழு தவணை, 28,000, கொஞ்சம் வட்டி. ஈஎம்ஐ கட்டுறதா நினைச்சே கட்டுங்க என்றேன். ஒரே வித்தியாசம், இதுல இடையில சம்பளம் நின்னா நீங்களும் நிறுத்திக்கலாம், யாரும் போன் பண்ண மாட்டாங்க.

28,000-க்கு ஜூன்ல என்ன கிடைக்கும்? மேல ஆறேழாயிரம் போட்டா அந்தப் புது சிபியு. போடாட்டி, பெரிய கம்பெனிகள் கழிச்சு விடுற எட்டாவது, பத்தாவது தலைமுறை டெஸ்க்டாப்புகள், ரீஃபர்பிஷ்டு என்று மதுரையிலும் சென்னை ரிச்சி தெருவிலும் கிடைக்குது. டிடிபிக்கு அது தாராளம். அதுல டிடிஆர்4 ரேம்தான் பெரும்பாலும், ஆக இப்போ வாங்கின 8 ஜிபியும் கூட வந்துடும்.

என் கணக்கு எங்கே தப்பலாம்

ரேம் விலை. ஏஐ டேட்டா சென்டர்களுக்கு மெமரி சிப் அள்ளிக்கிட்டுப் போறாங்க, அதனால 2025 கடைசியில ரேம் விலை கிடுகிடுன்னு ஏறுச்சு. க்ரூஷியல் என்ற பேருல ரேமும் எஸ்எஸ்டியும் நமக்கு வித்துக்கிட்டிருந்த மைக்ரான், அந்தச் சில்லறை வியாபாரத்தையே விட்டுப் போறதா 2025 டிசம்பர்ல அறிவிச்சுச்சு. ஜூன்ல அந்த 38,000 கொட்டேஷன் 43,000 ஆகவும் வாய்ப்பு இருக்கு. மூணு மாசச் செலவுக்கு அவசர நிதி ஏற்கெனவே வெச்சிருக்கிற ஒருத்தர், "விலை ஏறுது, ரொக்கம் கொடுத்து இப்பவே வாங்கிடுறேன்" என்றால் நான் தடுக்க மாட்டேன். நண்பருக்கு அந்த நிதி இல்லை. அவருக்கு 5,000 கூடக் கொடுக்கிற ஆபத்தைவிட, சம்பளம் நிக்கும்போது தவணை நிக்காத ஆபத்து பெரிசு.

இரண்டு இடத்துல வாங்காமலே தப்பிக்க வழி இருக்கலாம். வீட்டுல தம்பி, தங்கை காலேஜ் படிக்கிறாங்களா? 2025-26 தமிழக பட்ஜெட்ல 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு இரண்டு வருஷத்துல லேப்டாப் அல்லது டேப்லெட் என்று அறிவிச்சிருக்காங்க. அவங்களுக்காகத்தான் வாங்கப் போறீங்கன்னா கொஞ்சம் பொறுங்க.

ஐடி கம்பெனியில இருக்கிறவங்க, பழைய ஆபீஸ் லேப்டாப்பை ஊழியருக்கே விற்பாங்களான்னு எச்ஆர்ல கேளுங்க. ஆபீஸ் லேப்டாப்பைப் பயன்படுத்துறதுக்கு வரி கிடையாது. விலைக்கு வாங்கினா, கம்ப்யூட்டருக்கு முழுசா முடிஞ்ச ஒவ்வொரு வருஷத்துக்கும் மதிப்பைப் பாதியாக் குறைச்சுக்கிட்டே வருவாங்க. 60,000 ரூபாய் லேப்டாப் மூணு வருஷத்துல 7,500. அதை 5,000-க்குக் கொடுத்தா மீதி 2,500 மட்டும் உங்க சம்பளத்தோட சேர்ந்து வரிக்கணக்குல வரும். இதைவிட மலிவா எட்டாம் தலைமுறைக்கு மேலே போக வழி எனக்குத் தெரியலை.

திருத்தங்கல்ல வேலை மூணு மணி நேரத்துல முடிஞ்சது. அதுல இரண்டு மணி நேரம் பழைய டிஸ்க்கை எஸ்எஸ்டிக்கு அப்படியே நகல் எடுக்கப் போச்சு. அந்த ஃபான்ட்டும் டாங்கிளும் குழம்பக் கூடாதுன்னு விண்டோஸைப் புதுசாப் போடலை. கழட்டின ஹார்ட் டிஸ்க்கை 300 ரூபாய் பெட்டியில போட்டு பேக்கப்புக்கு வெச்சாச்சு. வயசான டிஸ்க், அதை மட்டும் நம்பக் கூடாதுன்னு முக்கியமான பத்திரிகை ஃபைல்களை கூகுள் டிரைவ்லயும் ஏத்தினோம். இப்போ மெஷின் அரை நிமிஷத்துல ஆன் ஆகுது. தங்கச்சி சோறு வடிக்கிற நேரம் மட்டும் மாறலை.

ஆர்டி முதல் தவணை டிசம்பர் 5-ல போயிடுச்சு. ஜூன்ல மதுரைக்கு மெஷின் பார்க்கப் போறோம், அப்போ என்ன விலை இருக்குன்னு வீடியோவுல காட்டுறேன்.